வந்தவர்களும் திரையில் வராதவர்களும்: பர்மாத் தமிழரைச் சித்திரித்த இரு திரைப்படங்கள்

புலம்பெயர்ந்தோர் கலை என்றும் புலம்பெயர் இலக்கியம் என்றும் பேசத் தொடங்கியதும் நம் மனக்கண்ணில் எழுவன டொராண்டோ, பாரிஸ், இலண்டன், ஓஸ்லோ முதலான நகரங்களே. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து ஈழத்தை விட்டுச் சிதறிய தமிழர் அந்நகரங்களில் நடத்திய சிற்றிதழ்களும் எழுதிய கதைகளும் கவிதைகளும் அச்சொற்களுக்கு உரிய பொருளைத் தந்துள்ளன. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும், புலம்பெயர்வு என்றால் இங்கிருந்து அங்குச் செல்வது மட்டுமே என்னும் எண்ணம் அச்சொற்களோடு சேர்ந்து நம்முள் வேரூன்றிவிட்டது. அங்கிருந்து இங்கு வந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களே என்பதை நம் விமர்சகர்கள் கருத்தில் கொள்ளவில்லை. வடசென்னைத் துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி, கடற்கரைச் சாலையின் நடைபாதையிலும் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் வாழ்வைத் தொடங்கிய பர்மாத் தமிழர், இந்தக் கவனக்குறைவால் கலையில் இடமிழந்தவர்களுள் முதன்மையானவர்கள். அவர்களைத் தமிழ்த் திரை எவ்வாறு கண்டது என்பதை, அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரு படங்களைக் கொண்டு இங்கு ஆராய முற்படுகிறோம்.

படங்களுக்குச் செல்லுமுன் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது நலம். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் அதிகம்; ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். செட்டிநாட்டு வணிகரின் வட்டித்தொழில் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவர்களோடு நெல்வயல் கூலிகளும், துறைமுகத் தொழிலாளரும், இராமநாதபுரம், தஞ்சைக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வணிகரும் அங்கு வாழ்ந்தனர். ரங்கூனில் சூலியா முஸ்லிம்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. இம்மக்கள் இரண்டு பெரும் அலைகளாக வெளியேறினர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டுவீசியதைத் தொடர்ந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் கிளம்பினர். கப்பலில் இடம் கிடைக்காத பெரும்பான்மையோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அஸ்ஸாம் மலைகளின் வழியாகவும் நடந்தனர். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டனர். இரண்டாவது அலை 1962 மார்ச் மாதம் ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் எழுந்தது. வங்கிகளும் வணிகமும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. நகையும் பணமும் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தமையால், ஒன்றரை இலட்சத்தை நெருங்கும் மக்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு தமிழகம் வந்தனர்.

அரசு ஆவணங்கள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. பொதுமக்கள் ‘பர்மா அகதிகள்’ என்றனர். இவ்விரு பெயர்களுக்கும் இடையில்தான் நம் ஆய்வுக்குரிய சிக்கல் உள்ளது. பர்மாவில் பிறந்து, பர்மிய மொழியில் கல்வி கற்று, தாயகம் என்ற நாட்டை ஒருமுறையேனும் கண்டிராதவர் எவ்வாறு ‘திரும்பியவர்’ ஆவார்? இதற்கு மணிப்பூரின் எல்லை நகரமான மோரே ஒரு சான்று. தமிழகத்தில் காலூன்ற இயலாமல், தரைவழியே மீண்டும் பர்மாவுக்குச் செல்லப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர் அமைத்துக்கொண்ட குடியிருப்பு அந்நகரில் இன்றும் இருக்கிறது. அவர்களுக்குத் தாயகம் என்பது எல்லைக்கு அப்பால் இருந்தது. கலைக்கு இதைவிடச் செறிவான கருப்பொருள் வேறென்ன வேண்டும்?

முதற்படம் 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளியான ‘பராசக்தி’. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி மு. கருணாநிதி உரையாடல் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இப்படம் சிவாஜி கணேசனின் முதற்படம் என்ற வகையிலும், திராவிட இயக்கத்தின் கருத்துகளைத் திரைக்குக் கொணர்ந்தது என்ற வகையிலும் ஏராளமாக விவாதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை என்பது அவ்விவாதங்களில் அடிக்குறிப்பு அளவுக்கே வருகிறது. மூன்று சகோதரர்கள் ரங்கூனில், தங்கை மதுரையில். போர்க்காலத்தில் கப்பலில் ஒருவருக்கு மட்டுமே இடம் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் சென்னையில் இறங்கி, இறங்கிய கையோடு ஏமாற்றப்பட்டு உடைமை இழக்கிறான். நடந்து வந்த மற்றவர்களுள் ஞானசேகரன் வழியில் பிரிந்து, காலை இழந்து, பிச்சைக்காரனாகிறான். மூத்தவர் சந்திரசேகரன் திருச்சியில் நீதிபதியாகிறார்.

1942ஆம் ஆண்டு வெளியேற்றத்தின் சாரத்தை இப்படம் ஒரே குடும்பத்துக்குள் அடக்கிவிட்டது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கப்பல் ஒரு வழி, மலைப்பாதை ஒரு வழி. ஒருவர் தப்பினார், ஒருவர் ஊனமுற்றார். அக்காலப் பார்வையாளருள் இவ்வகை அனுபவத்தைத் தம் உறவினரிடம் கேட்டறியாதவர் குறைவாகவே இருந்திருப்பர். பர்மாவிலிருந்து வந்தவனின் கண்கொண்டு தமிழகத்தின் வறுமையையும் போலித்தனத்தையும் காட்டியது மிகக் கூரிய உத்தி. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பழகிப்போன இழிவுகள், புதிதாக வந்தவனுக்கே உறைக்கும்.

ஆனால் அந்த உத்தியின் விலை என்ன என்று நாம் கேட்டாக வேண்டும். கப்பலை விட்டிறங்கியதும் பர்மா என்பது கதைக்கு ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. குணசேகரனின் சினம் முழுவதும் தமிழ்ச் சமூகத்தைப் பற்றியது. இழந்த ரங்கூனைப் பற்றிய ஏக்கம் அவனிடம் இல்லை. அவன் பேச்சில் பர்மியச் சொல் கலப்பதில்லை. அவன் நாவில் பர்மியச் சுவை இல்லை. வெளியிலிருந்து வந்தவன் என்ற நிலை அவனுக்குச் சமூகத்தைச் சாடும் உரிமையைத் தருகிறதே தவிர, அவனுக்கென்று ஒரு நினைவைத் தரவில்லை. மேலும், மூன்று சகோதரருள் எவரும் வயலிலோ துறைமுகத்திலோ உழைத்த கூலியாகப் படைக்கப்படவில்லை. நடைப்பயணத்தில் மிகுதியாக மாண்டவர்கள் எந்த வகுப்பினரோ அவ்வகுப்பினர் நாயகர்களாக வர அப்படத்தில் இடமில்லை.

இக்குறையை எழுத்து ஓரளவு நிறைவு செய்தது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942இல் தாம் நடந்து வந்த அனுபவத்தைப் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூலாக விட்டுச் சென்றார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்து, மேடானிலும் பினாங்கிலும் போருக்கு நடுவே வாழ்ந்த தமிழரை நமக்குக் காட்டியது. 2000ஆம் ஆண்டில் அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாஸ் பேலஸ்’ நாவல், பர்மா இந்தியரின் நூறாண்டு வரலாற்றை உலக வாசகர் முன் வைத்தது. இவை யாவற்றிலும் போரும் 1942ஆம் ஆண்டும் உள்ளன. ஆனால் 1964இல் வந்தவர்களுக்கு, அதாவது குண்டுக்கு அஞ்சி ஓடாமல் ஓர் அரசாணையால் கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுக்கு, இதற்கு நிகரான புகழ்பெற்ற படைப்பு அமையவில்லை. மலைப்பாதையில் வீழ்ந்த பிணங்களைப்போல் அவர்களின் துயரம் கண்ணை உறுத்துவதன்று. அது வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது, முகாமில் காத்திருப்பது, நடைபாதையில் கடை விரிப்பது என்று மெல்ல நகர்வது. ஆரவாரமற்ற துயரத்தை எழுதுவது கடினம். படமாக்குவது அதனினும் கடினம்.

இவ்விடத்தில்தான் இரண்டாவது படம் வருகிறது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கி, கௌதம் கார்த்திக் நடித்து, 2017 ஜூன் மாதம் வெளியான ‘ரங்கூன்’, பர்மாவிலிருந்து வந்து வடசென்னையில் குடியேறிய குடும்பத்து இளைஞன் ஒருவனை நாயகனாக்கியது. அவன் தங்கம் கடத்தும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, நண்பர்களோடு அத்தொழிலில் வளர்ந்து, தங்கத்தோடு ரங்கூன் சென்று, பணத்தையும் நட்பையும் இழந்து துன்புறுவதே கதை. பர்மா பஜாரை வெறும் பின்னணியாகக் கொள்ளாமல், அங்கு வாழும் மக்களின் வேர் எங்குள்ளது என்று கேட்ட முதன்மையான வணிகப்படம் இது. ‘பராசக்தி’ மறந்த ரங்கூனுக்கு இப்படம் திரும்பிச் செல்கிறது. இவ்விரு காரணங்களாலும் இப்படத்தை நாம் மதிக்கிறோம்.

எனினும் எவ்வாறு திரும்பிச் செல்கிறது என்பதே வினா. நாயகன் தான் பிறந்த மண்ணுக்கு மகனாகவோ பேரனாகவோ செல்வதில்லை, சரக்கோடு செல்கிறான். அவனுக்கும் அந்நகருக்கும் இடையே உள்ள உறவு தங்கத்தால் ஆனது. பாட்டன் விட்டுவந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது, உடன்பிறந்தோருள் எவர் அங்கேயே தங்கிவிட்டனர் முதலிய வினாக்களுக்குக் கதையின் வேகம் இடம் தரவில்லை. இதில் பர்மா பஜாரைப் பற்றிய ஒரு பழைய முன்முடிவும் கலந்துள்ளது. 1969இல் அரசே இம்மக்களின் மறுவாழ்வுக்கென இடம் ஒதுக்கி உருவாக்கிய கடைவரிசை அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த ஆண்டுகளில் வெளிநாட்டு வானொலிப் பெட்டியும் ஒலிநாடாவும் நறுமணத் திரவியமும் அங்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் நகரின் நடுத்தர வகுப்பினர்; கடத்தல் என்ற பழியோ விற்றவர்மீது விழுந்தது. 1991ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதி தாராளமாகி அப்பொருள்கள் எல்லாக் கடைகளிலும் கிடைத்தன. பழி மட்டும் பஜாரிலேயே தங்கிவிட்டது. ‘ரங்கூன்’ அப்பழியை உருவாக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகத்துக்குத் திரையில் கிடைத்த அரிய வாய்ப்பை அப்பழியின் வழியாகவே அது பயன்படுத்திக்கொண்டது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். திரைப்படம் வரலாற்று ஆவணம் அன்று. குற்றக்கதை என்பது ஏற்கப்பட்ட ஒரு வகைமை. அவ்வகைமைக்குள் நின்று ஓர் இயக்குநர் செய்ததை, அவர் செய்ய எண்ணாத ஒன்றைக்கொண்டு அளப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒரு சமூகத்தைப் பற்றிப் பத்துப் படங்கள் இருந்து, அவற்றுள் ஒன்று கடத்தலைப் பேசினால் நமக்கு முறையீடு இல்லை. மதுரையைப் பற்றிய அரிவாள் படங்கள் பல இருந்தும் அந்நகரின் பெயர் கெடவில்லை. ஏனெனில் மதுரைக்கு வேறு நூறு கதைகள் உண்டு. ஒரே கதை உள்ள சமூகத்துக்கு அந்த ஒன்றே முகமாகிவிடும். ஆகவே நம் முறையீடு அந்த இயக்குநர்மீது அன்று; அவருக்கு முன்னும் பின்னும் நிலவும் வெறுமையின்மீது.

அவ்வெறுமை வடசென்னையைக் களமாகக் கொண்ட அண்மைக்காலப் படங்களாலும் நிரம்பவில்லை. ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகியவை வியாசர்பாடிக் குடியிருப்பையும் காசிமேட்டுக் கடற்கரையையும் குத்துச்சண்டைக் களங்களையும் தமிழ்க் கலையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தின. அதுவரை ரௌடிகளின் இருப்பிடமாக மட்டும் காட்டப்பட்ட பகுதிக்கு வரலாறும் அரசியலும் உண்டென்று அவை நிறுவின. ஆயினும் அவை கூறும் வடசென்னை பெரிதும் மண்ணின் மைந்தர்களின் வடசென்னை. 1856இல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்ட நாள் தொட்டு, எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைகள் எழுந்த காலம் ஈறாக, வந்தவர்களால் உருவான பகுதி இது. அந்த வருகையின் கதை எந்தப் படத்துக்கும் மையமாகவில்லை.

நம் வாசகர்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட இரு படங்களிலும் பர்மாத் தமிழ் முஸ்லிம் கதையின் மையத்தில் இல்லை. பர்மாவில் தமிழ் முஸ்லிம்களின் வாழ்வு வணிகத்தோடு நின்றுவிடவில்லை. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தோர் ‘ஜெர்பாதி’ எனப்பட்டனர். இரு மரபுகளைத் தாங்கிய அவர்களின் வாழ்வே ஒரு காவியத்துக்குப் போதுமானது. அத்தகைய பெற்றோருக்குப் பிறந்தவரே கல்வியாளரும் அமைச்சருமான ஊ ரஸாக். 1947 ஜூலை 19 அன்று ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். பர்மிய அரசியலில் ஈடுபட்டிருந்த தமிழ் முஸ்லிம் கரீம் கனி, 1943இல் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் ஆலோசகருள் ஒருவரானார். போருக்குப் பின் சிங்கப்பூரில் இதழாளராக விளங்கிய அவர், 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோ வழக்கையொட்டி எழுந்த கலவரத்தை அடுத்துச் சிறை வைக்கப்பட்டார். தமிழகம், ரங்கூன், சிங்கப்பூர் என மூன்று கரைகளைத் தொட்ட இவ்வாழ்க்கை குறித்து ஒரு நாடகமோ நாவலோ நம்மிடையே பேசப்படுகிறதா? பிறர் நம்மை எழுதவில்லை என்று குறைப்படுமுன், நாம் நம்மை எழுதினோமா என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

கலை கைவிட்டதை உணவு காத்துவந்துள்ளது. கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் மாலை வேளையில் விற்கும் அத்தோ இன்று சென்னையின் புகழ்பெற்ற உணவு. கலந்து பிசைந்தது என்னும் பொருளுடைய பர்மியச் சொல்லின் சென்னை வடிவமே அது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளிநீரும் பூண்டெண்ணெயும் சேர்த்துக் கையால் பிசைந்து தருகின்றனர். பர்மாவில் மீன்சாற்றில் வாழைத்தண்டு சேர்த்துச் செய்யப்படும் மொய்ங்கா, இங்குப் பல கடைகளில் வாழைத்தண்டுச் சாறாகவே வழங்குகிறது. எதை விட்டுக்கொடுத்தால் புதிய ஊரில் விலைபோகும், எதை விட்டுக்கொடுத்தால் அது பர்மிய உணவாகவே இராது என்று அறிந்து செய்த மாற்றம் இது. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்யும் பணியும் இதுவே. ஆனால் உணவு நினைவின் ஒரு பகுதியை மட்டுமே தாங்கும். அத்தோவை உண்டு மகிழ்பவர் அதைப் பிசைந்து தருபவரின் வரலாற்றைக் கேட்க வேண்டியதில்லை. சுவை பொதுவாகிவிட்டது, துயரம் இன்னும் தனியாரின் சொத்தாகவே உள்ளது.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. பினாங்கிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. அங்கும் தமிழ் முஸ்லிம் வணிகர் குடியேறினர். சூலியா தெரு என அவர்கள் பெயரில் ஒரு தெரு உண்டு. காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகில் நிற்கிறது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி பெற்ற பகுதியில் இவையும் அடங்கும். சிங்கப்பூரில் 1830 அளவில் எழுந்த நாகூர் தர்கா, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்றவர்களை அந்நாடுகள் தம் வரலாற்றில் சேர்த்துக்கொண்டன. வந்தவர்களை நம் ஜார்ஜ் டவுன் அவ்வாறு சேர்த்துக்கொள்ளவில்லை. கடைவரிசையின் பெயரே அவர்களின் ஒரே நினைவுச்சின்னமாக நிற்கிறது.

இது பழங்கதை பற்றிய கவலை மட்டுமன்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. பர்மாவிலிருந்து கப்பல்கள் வந்த அதே ஆண்டில், மக்களை எண்களாகப் பங்கிட்ட ஒப்பந்தம் அது. 1982இல் பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யா முஸ்லிம்களை நாடற்றவராக்கியது. 2017 ஆகஸ்டில், ‘ரங்கூன்’ படம் வெளிவந்து இரண்டு மாதங்களே கழிந்த நிலையில், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினர். 2019இல் இந்திய நாடாளுமன்றம் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தாரை மட்டுமே கருதியது. பர்மாவும் இலங்கையும் அப்பட்டியலில் இல்லை. சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் ரோஹிங்யாக் குடும்பங்கள் சில தஞ்சம் புகுந்த செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டதுண்டு. அச்செய்தியைப் படித்த சென்னைவாசிகளுள் எத்தனை பேருக்கு, இதே நகரம் முன்பு இதே நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கடையும் மனையும் தந்தது என்பது நினைவுக்கு வந்திருக்கும்? தன் ஊர் எவ்வாறு உருவானது என்பதைக் கலை வழியே அறியாத சமூகம், புதிதாக வருபவனை எவ்வாறு நோக்குவது என்பதையும் அறியாது. விமர்சனத்துக்கு இதில் வேலை உண்டு என நாம் கருதுவது இதனாலேயே.

நம் மரபில் வந்தவருக்கு முஹாஜிர் என்று பெயருண்டு. வரவேற்றவருக்கும் அன்சார் என்று பெயருண்டு. மதீனாவின் வரலாறு இருவரையும் சேர்த்தே கூறப்படுகிறது. ‘பராசக்தி’யில் வந்தவன் இருக்கிறான், வரவேற்றவர் அரியர். ‘ரங்கூன்’ படத்தில் வந்தவன் இருக்கிறான். அவனைப் பயன்படுத்திக்கொண்டவரே முன்னிற்கிறார். நடைபாதையில் தன் கடைக்குப் பக்கத்தில் இன்னொருவன் கடை விரிக்கச் சற்றே நகர்ந்து இடம் தந்தவன் திரையில் இன்னும் வரவில்லை. பர்மிய மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்து, தமிழில் கணக்கெழுதக் கற்ற பெண்ணும் வரவில்லை. அவர்களுள் பலர் முதுமையில் இருக்கிறார்கள், பலர் மறைந்துவிட்டார்கள். வெளியேற்றச் சான்றிதழ்கள், கப்பல் சீட்டுகள், ரங்கூனில் அச்சான தமிழ் நூல்கள், நிக்காஹ் பதிவுகள், புகைப்படங்கள் ஆகியவை இன்னும் சில வீடுகளின் பெட்டிகளில் இருக்கின்றன. ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் இவற்றைத் தேடித் தொகுக்கவும், முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யவும் முன்வர வேண்டும். மூலப்பொருள் நம் கையில் இருந்தால், அதைக் கொண்டு படைக்கும் கலைஞன் என்றேனும் தோன்றுவான். பெட்டிகள் வெறுமையான பின் தோன்றினால், அவனுக்கும் கடத்தல் கதையைத் தவிர வேறு கதை கிடைக்காது.